ரெசின் பூசின ஹார்ட் டிஸ்க்

ஏரிக்கரையில கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைக்கிறதுன்னா, உப்புக்காத்துக்கிட்ட தினம் தினம் தோத்துட்டு சாயங்காலம் ஷட்டரை இழுக்கிறதுன்னு அர்த்தம். வீட்டுல பழைய கம்ப்யூட்டரை வச்சிக்கினு அவஸ்தைப்படுற என் இனமே, உங்களுக்குத் தெரியாததில்ல. பழவேற்காட்டுல மதர்போர்டு தான் முதல்ல துருப்பிடிச்சுச் சாகும். ஹார்ட் டிஸ்க் மூடின பெட்டிக்குள்ள கிடக்கிறதால தப்பிச்சிக்கும். அதைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுறது என் பொழப்புல பாதி. மாட்டுறதுக்கு முன்னாடி ஜனங்க பண்ணிட்டு வர்ற கூத்தைச் சரி பண்றது மீதிப் பாதி.

எஞ்சினும் டிஸ்க்கும்

தோணிரேவுல இருந்து ஒரு போட்டுக்காரர் வந்தாரு. தன்னோட கம்ப்யூட்டர் செத்ததும் டிஸ்க்கைக் கழட்டி, மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டர்ல அவரே மாட்டிட்டாராம். ஸ்விட்ச் போட்டா நீல ஸ்கிரீன் வருது, அணையுது, திரும்ப வருது. மச்சான் ஒரு பக்கம் "என் மிஷினைக் கெடுத்துட்டியே"ன்னு அவரு மேல கத்துறாரு, அவரு ஒரு பக்கம் என் மேல கத்துறாரு. நான் இன்னா பண்ணேன்?

"அண்ணே, இதுல இருக்கிற விண்டோஸ் உங்க பழைய மிஷினோட பழகினது. புது மிஷினைப் பார்த்தா அதுக்கு ஆளு தெரியாது. மச்சான் டிஸ்க்கை முதல்ல மாட்டி, உங்களோடதை ரெண்டாவதா சேர்த்துக்கினா ஃபைலெல்லாம் அப்படியே வரும்"னேன். மாட்டியும் காட்டினேன். பொண்ணு கல்யாண போட்டோ வரிசையா வந்துச்சு. மச்சான் சமாதானம் ஆயிட்டாரு, இவரு ஆவல. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கேட்டாரு: "எஞ்சினைக் கழட்டி எந்த போட்ல மாட்டினாலும் ஓடுதுல்ல, இது மட்டும் இன்னாத்துக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிது?"

அடைச்ச ஓட்டை

இப்ப சொல்லப்போறது தான் என் உசுரை எடுத்த டிஸ்க். ஏரிக்கு அந்தப் பக்கம் பசியாவரத்துல இருந்து செல்வின்னு ஒருத்தி, அவ அப்பா தேசப்பனைக் கூட்டிக்கினு போட்ல வந்தா. தேசப்பனைத் தெரியாதவங்க இந்த ஏரியில கிடையாது, மீன் ஏலம் கூவுறவரு. அவரு கரையில நின்னு குரல் குடுத்தா, பஜார்ல இருக்கிற வியாபாரிப் பொம்பளைங்க கூடையைத் தூக்கிக்கினு ஓடுவாங்க. போன வருஷம் தொண்டையில புற்றுநோய். ஆப்பரேஷன்ல உசுரு தப்பிச்சுது, குரல் போச்சு. அதுலருந்து மனுஷன் கரைப் பக்கமே போறதில்ல, சுவரைப் பார்த்துக்கினு படுத்தே கிடக்கிறாருன்னு செல்வி சொன்னா.

அவரு பேசினது பதிஞ்சிருந்த போனு ஏரியில விழுந்து போச்சு. மிச்சம் இருக்கிறது, செல்வி காலேஜ் படிக்கிறப்ப ஏலத்தை எடுத்து வச்ச ஒரே ஒரு வீடியோ. அது இருந்த கம்ப்யூட்டர் செத்துட்டதால, டிஸ்க்கை மட்டும் கழட்டி ஸ்டீல் டப்பாவுல போட்டு எடுத்தாந்திருந்தா. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். டிஸ்க் மேல குட்டியா ஒரு ஓட்டை இருக்கும், மூச்சு விடுறதுக்கு. "இந்த ஓட்டையை அடைக்காதீங்க"ன்னு இங்கிலீஷ்ல பக்கத்துலயே போட்டிருக்கும். அது மேல, ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுற ரெசினைப் பூசி கல்லு மாதிரி காய வச்சிருக்குது! "யாரும்மா இந்த வேலையைப் பார்த்தது?"ன்னு கத்திட்டேன். தேசப்பன் தலையைக் குனிஞ்சிக்கினாரு. செல்வி சொன்னா: "போட்ல வர்றப்ப தண்ணி பூந்துடுமேன்னு நைனா தான் அடைச்சிடுச்சு. ஓட்டையைப் பார்த்துட்டு எங்காளுங்களால சும்மா இருக்க முடியுமாக்கா?"

பிளேடு

அப்படியே மாட்டி ஓட்டலாமான்னா, பயம். டிஸ்க் சுத்தச் சுத்த சூடாவும், உள்ள இருக்கிற காத்து விரியும், அது வெளிய போவ வழி வேணும். சுரண்டலாமான்னா, அதுவும் பயம். ஓட்டைக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு வடிகட்டி இருக்கும். பிளேடு அதைக் கிழிச்சுட்டா தூசி நேரா உள்ள போயி உக்காந்துக்கும், இருக்கிற ஒரு குரலும் போயிடும். "மெட்ராஸ்ல இதுக்குன்னே லேப் வச்சிருக்கிறவங்ககிட்ட குடுத்துடுங்களேன்"னு சொல்லிப் பார்த்தேன். தேசப்பன் வேணாம்னு தலையை ஆட்டிட்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினாரு.

ஃபேனை நிறுத்தினேன். தூள் கீழ விழட்டும்னு டிஸ்க்கைக் குப்புறப் பிடிச்சு, புது பிளேடால ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா சுரண்டினேன். நெத்தியில வேர்வை ஊத்துது, துடைக்க கை இல்ல. செல்வி முந்தானையால துடைச்சு விட்டா. தேசப்பன் இமைக்காம பிளேடையே பார்த்துக்கினு இருந்தாரு. ஒரு இடத்துல பிளேடு சர்ருனு வழுக்குச்சு. நல்லவேளை, வெளிப்பக்கமா வழுக்குச்சு. கடைசியில நகம் அளவு ஒரு சில்லு பெயர்ந்து மேஜையில விழுந்து, அடியில ஓட்டை தெரிஞ்சுது. பக்கத்து டீக்கடை அண்ணன் டம்ளரோட வாசல்லயே நின்னு பார்த்துக்கினு இருந்திருக்காரு. "ஏம்மா, டிஸ்க் மூச்சு விடுறது இருக்கட்டும், நீ விட்டே ரொம்ப நேரமாச்சு, விட்டுத் தொலை!"

வளைஞ்ச முள்ளு

ஒண்ணு முடிஞ்சுதுன்னு பார்த்தா அடுத்தது. அது ரொம்பப் பழைய டிஸ்க், பின்னாடி சீப்பு மாதிரி ரெண்டு வரிசை முள்ளு இருக்கிற ரகம். இப்ப வர்ற கம்ப்யூட்டர் எதுலயும் அது சேராது. பழைய சாமான் மூட்டையைக் கொட்டி, அதுக்குண்டான கேபிளைத் தேடி எடுத்தேன். சொருகப் போனா, நடுவுல ஒரு முள்ளு வளைஞ்சு படுத்திருக்குது. செல்வி வீட்டுக்காரரு எங்கேயோ மாட்டிப் பார்க்கிறேன்னு அழுத்தியிருக்காரு.

முள்ளு ஒடிஞ்சா கதை முடிஞ்சுது. செல்விகிட்ட ஒரு ஊக்கு வாங்கி, முள்ளுக்கு அடியில குடுத்து மெதுவா நெம்பினேன். கொஞ்சம் நிமிர்ந்துச்சு, திரும்ப சாய்ஞ்சுது, திரும்ப நெம்பினேன். இதுக்குள்ள என் கை ஆடுற ஆட்டம் எனக்கே பொறுக்கல. தேசப்பன் செல்வியைத் தட்டி, என் கையைக் காட்டி ஜாடையில என்னவோ கேட்டாரு. நான் முறைச்சதும் அவ பயந்துக்கினே சொன்னா: "நைனா இன்னா கேக்குதுன்னா, உங்க கை எப்பவுமே இப்படியா, இல்ல எங்க டிஸ்க்குக்கு மட்டுமா?"

அழிச்சுடவா?

கேபிளைச் சொருகினேன். டிஸ்க் சுத்துற சத்தம் வந்துச்சு, நல்ல சத்தம். அப்பாடான்னு ஊக்கைத் திருப்பிக் குடுக்கிறேன், ஸ்கிரீன்ல ஒரு கட்டம்: இந்த டிஸ்க் வேணும்னா ஃபார்மட் பண்ணணும், பண்ணவா? ஃபார்மட்னா உள்ள இருக்கிறதெல்லாம் காலி. "ஆமான்னு குடுத்துடட்டாக்கா?"ன்னு கேட்டுக்கினே செல்வி மவுஸைப் பிடிச்சுட்டா. நான் போட்ட கூச்சல்ல டீக்கடை அண்ணன் டம்ளரை விட்டுட்டாரு. அவ கையைப் பிடிச்சு இழுத்ததுல வளையல் ஒண்ணு உடைஞ்சுது. அப்புறம் எனக்கே சங்கடமாயிடுச்சு. ஆனா அந்த நேரத்துல யாரா இருந்தாலும் கடிச்சு வச்சிருப்பேன்.

வேணாம்னு குடுத்துட்டு, கெட்டுப்போன டிஸ்க்கைத் தடவித் தடவிப் படிக்கிற சாஃப்ட்வேரைப் போட்டேன். வீடியோ பேரு வந்துச்சு. காப்பி ஆரம்பிச்சுப் பாதியில நின்னுச்சு. உள்ள டக், டக்னு சத்தம். என் தொழில்ல இருக்கிறவங்களுக்கு அந்தச் சத்தம்னா, டிஸ்க் சாகப் போவுதுன்னு அர்த்தம். கழட்டி ஆற வச்சு, சாமியைக் கும்பிட்டுட்டுத் திரும்ப மாட்டினேன். நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கல, ஸ்கிரீன்ல நகருற பச்சைக் கோட்டையே பார்த்துக்கினு இருந்தோம். கோடு கடைசியைத் தொட்டுச்சு. அதோட டிஸ்க் நின்னுச்சு, அப்புறம் அது எழுந்திருக்கவே இல்ல.

காப்பி ஆனதைப் போட்டேன். படம் பூரா கட்டம் கட்டமா சிதறிக் கிடக்குது, ஒரு முகம் தெரியல. ஆனா ஸ்பீக்கர்ல, "வாங்கம்மா வாங்க, வெள்ள எறா, துள்ளுது பாரு, ஓடியா!" கடையே அதிருது. தேசப்பன் வாயைப் பொத்திக்கினாரு, தோளு குலுங்குது. எனக்கும் அழுகை வந்துடுச்சு, மறைக்கல. "படம் போச்சேம்மா"ன்னேன். செல்வி மூக்கை உறிஞ்சிக்கினே சொன்னா: "மூஞ்சியைத் தான் தினம் பார்க்கிறோமேக்கா, அது யாருக்கு வேணும்?"

கரையில

கொஞ்ச நாள் கழிச்சு, காலையில மீன் வாங்கப் போறேன், தூரத்துலயே அந்தக் குரல். கிட்டப் போனா தேசப்பன் நிக்கிறாரு, கழுத்துல துண்டு, கையில ஒரு ஸ்பீக்கர். வீடியோவுல ஜனங்களைக் கூப்பிடுற இடத்தை மட்டும் செல்வி வெட்டிக் குடுத்திருக்கா. கூவுறது ஸ்பீக்கர், விலை சொல்றது விரலு. முறைக்கிறாரு, உதட்டைப் பிதுக்குறாரு, பத்தாது பத்தாதுன்னு தலையை ஆட்டுறாரு, பழைய மிடுக்கு அப்படியே இருக்குது.

ஒரே ஒரு கோளாறு. அந்த ஸ்பீக்கருக்குத் தெரிஞ்சது வெள்ள எறா மட்டும் தான். அன்னிக்கு வலையில வந்தது பூரா நண்டு. வருஷக்கணக்கா அவரோட மல்லுக்கு நிக்கிற மீன்கார கோவிந்தம்மா, பஜார்லருந்து மூச்சு வாங்க ஓடி வந்து கூடைக்குள்ள எட்டிப் பார்த்துச்சு. அது மூஞ்சி போன போக்கைப் பார்த்ததுமே தேசப்பன் வயித்தைப் பிடிச்சிக்கினு சத்தமில்லாம சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. கோவிந்தம்மா இடுப்புல கையை வச்சிக்கினு ஊரே கேக்கக் கத்துச்சு: "தொண்டையை அறுத்தும் இந்தாளுக்குப் புளுகு போவல பாரு, நண்டை வச்சிக்கினு எறான்னு கூவி என்னை ஓட வச்சுட்டான்!"

பழைய டிஸ்க்கை வேற கம்ப்யூட்டர்ல மாட்டி உள்ள இருக்கிறதை எடுத்துக் குடுக்கிறது வரைக்கும் தான் என் வேலை, அது வெளிய வந்து சொல்ற பொய்க்கெல்லாம் கடைக்காரி ஜவாப்தாரி இல்ல.