திராட்சைப் பந்தலின் கீழ் இரண்டு பொய்கள்

ராஸ் அல் கைமாவில், மலை தொடங்கும் இடத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். விளம்பரத்தில் 'ஒயின் எஸ்டேட்' என்று போட்டிருந்தார்கள். போன பிறகுதான் தெரிந்தது, ஒயின் மாஃபி, அதாவது கிடையாது. நீளக் கால் வைத்த ஒயின் கோப்பையில் குளிர்ந்த திராட்சைச் சாறுதான். மகளுக்கு அதுவே போதும். கோப்பையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துத் தள்ளினாள்.

என் மனைவி துபாயில் நர்ஸ். சேர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு, மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது. அவளுக்கு வேண்டியது தூக்கம். வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்: "நான் நர்ஸுன்னு யாருட்டயும் மூச்சு விடப்பிடாது, பாத்துக்கிடுங்க."

காரணம் உண்டு. கல்யாண ரிசப்ஷனோ சர்ச் வாசலோ, சுகர் ரிப்போர்ட்டோடு ஒருவர் அவளை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

பந்தலுக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டில். மேலே மிளகு பருமனில் பச்சைப் பிஞ்சுகள். காற்று இலைகளைப் புரட்டப் புரட்ட, வெயில் அவள் முகத்தில் வந்து வந்து போனது. அவள் கண்ணை மூடினாள். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கொடி வரிசைகளுக்குள் சுற்றி, பக்கத்து அறைக் கோயம்புத்தூர்க் குடும்பத்தோடு பேச்சில் விழுந்தேன். உங்க வீட்டில் என்ன பண்றாங்க என்று அந்த அம்மாள் கேட்டார். கணக்கு டீச்சர் என்றேன். என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது.

பத்து நிமிடத்தில் அந்த அம்மாள் பிளஸ் டூ மகளையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. திங்கக்கெழமை டெஸ்ட்டுங்க. இந்த இன்டக்ரேஷன் மட்டும் இவளுக்கு ஏறவே மாட்டேங்குது."

மனைவி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்ட நோயாளிகளுக்கு அந்தப் பார்வை பழக்கமாயிருக்கும். பிறகு நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் டீச்சர் இல்லக்கா. நர்ஸ்."

அந்தப் பெண் நிம்மதியாக நோட்டை மூடினாள். அம்மாளுக்கோ முன்னைவிடச் சந்தோஷம். "அட, சிஸ்டருங்களா?" என்றவர் கணவரைக் கூப்பிட, அவர் காரிலிருந்து ஃபைலோடு வந்தார். உப்பு, நடை, ராத்திரி மாத்திரை என்று அரை மணி நேரம் டூட்டி நடந்தது.

அவர்கள் போனதும் படுத்துக்கொண்டே சொன்னாள்: "கணக்கே போட்டிருக்கலாம்."

சாயங்காலம் திருச்சிக்காரர் ஒருவர் புதிதாக வந்து இறங்கி, தூரத்திலிருந்தே சிரித்தபடி எங்களை நோக்கி நடந்தார். கட்டிலில் ஒரு கண் திறந்தது. 'அப்பா, ப்ளீஸ்' என்று மகள் முணுமுணுத்தாள். அவர் தன் வேலையைச் சொல்லிவிட்டு, மேடம் என்ன பண்றாங்க என்றார்.

"இன்சூரன்ஸ் ஏஜென்ட். உங்க நம்பர் குடுங்க சார், எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்."

காரைப் பூட்டினேனா தெரியவில்லை என்று சொல்லித் திரும்பிப் போனவர், பிறகு வரவே இல்லை. செய்தி பரவியிருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கினாள். கால் வைத்தால் சரளைக்கல் சத்தம் போடும் என்று, நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.