மினுக்கிய மூக்குப்பேணி

ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஊரில் வியாழன்தோறும் சந்தை கூடும். சந்தைச் சதுக்கத்தின் மூலையில் ஒரு பழைய கட்டடம், முன்னொரு காலத்தில் தானிய மூட்டைகளைத் தராசில் நிறுத்த இடமாம். இப்போது ஊர்ச் சனங்களே சேர்ந்து அதை மியூசியமாக நடத்துகிறார்கள். சம்பளக்காரர் ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தியிடம்தான் கதவுப் பூட்டின் திறப்பு இருக்கும்.

வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கென்று அவள் ஒரு கண்ணாடி அலுமாரி ஒதுக்கினாள். அதில் தமிழருக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு சாமான். இந்த ஊருக்கு முதன்முதல் வந்த தமிழ்ப் பெண் நான். அந்தத் தட்டு எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஆசிரியையும் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள். குசினி அலுமாரியில் என் மூக்குப்பேணியைக் கண்டாள். வாய் படாமல் அண்ணாந்து குடிக்க மூக்கு வைத்த பித்தளைப் பேணி. யாழ்ப்பாணத்திலிருந்து உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு வந்தது. கறுத்துப்போய், ஒரு பக்கம் நெளிந்து கிடந்தது. அகதி முகாம் படியில் விழுந்த நெளிவு அது. அவள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்றாள்.

நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு ஊத்தைப் பாத்திரத்தையா கொடுப்பது? இரண்டு நாள் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். மருமகன் மரச்சுத்தியலால் தட்டி நெளிவை எடுத்துத் தந்தார். பேணியில் என் முகம் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆசிரியை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த நெளிவு எங்கே?"

"எடுத்தாச்சு," என்றேன் பெருமையாக.

"நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருக்கிறதே," என்றாள். குரல் இறங்கிப்போயிற்று.

அடுத்த கிழமை அந்தத் தட்டு பின்தெருக்காரிக்குப் போனது. எனக்கு ஐந்து வருடம் பிந்தி வந்தவள். கொடுத்தது என்ன? இதே சதுக்கத்தில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் வாங்கிய ஜெர்மன்காரரின் பால் பானை. அதன் வாயில் துணி கட்டி, வந்த நாளிலிருந்து புட்டு அவித்திருக்கிறாள். அடி முழுக்கக் கரி. ஒருநாளும் அவள் அதை ஒழுங்காக மினுக்கியதில்லை. அந்தச் சோம்பலுக்குத்தான் கண்ணாடியும் வெளிச்சமும்.

திறப்பு விழாவுக்குப் போகாமல் விட்டால் எரிச்சலில் நிற்கிறேன் என்பார்கள். காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு போனேன். அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று எங்கேயாவது ஒரு குறை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிற கிழவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"என் அம்மாவும் இப்படியொரு பானையில்தான் பால் காய்ச்சினார். எவ்வளவு காலம் பாவித்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்."

"யா," என்றேன். கையை இழுக்கவில்லை.

அவர் நகர்ந்ததும், கேக் தட்டோடு பின்னால் நின்ற பின்தெருக்காரி கிட்ட வந்தாள்.

"என்னக்கா, என்ர பானையை உங்கட ஆக்கிப்போட்டியளே?"

"அவர் வாழ்த்தினார், நான் ஓம் எண்டன். அவ்வளவுதான்."

"அட்டையில என்ர பேர்தானே கிடக்கு."

"அந்தாள் கண்ணாடி போடேல்ல. வாசிக்க ஏலாது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தது எனக்கு இன்னும் எரிந்தது. சண்டை பிடித்திருந்தால் ஆறியிருக்கும்.

பேணி திரும்ப வீட்டுக்கு வந்துவிட்டது. நான் இப்போதெல்லாம் அந்தக் கிழவரிடம்தான் உருளைக்கிழங்கு வாங்குகிறேன். அவர் பானையைப் பற்றிக் கேட்பார். துணி எப்படிக் கட்டுவது, ஆவி எப்போது வரும் என்று நான் சொல்வேன். அவளும் வியாழக்கிழமை சந்தைக்கு வருகிறவள்தான், ஒன்பது மணிக்கு. நான் எட்டு மணிக்கே போய்விடுகிறேன்.