மோட்டார் கொட்டகையில் பழகிய பாட்டு

என் அக்கா புருசன் மைக்கேல்சாமியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் முழுசாகக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆவூரிலிருந்து விராலிமலை போகிற வழியில் அவருக்கு இரண்டு ஏக்கர் கடலைக் கொல்லை, ஒரு போர்க்கிணறு. நடுவில் நாலு வருசம் மஸ்கட்டில் லாரி ஓட்டினார். மற்றபடி ஐம்பத்து நாலு வயசு வரைக்கும் அந்த மண்ணும் கோயிலும்தான். பாடற்குழுவில் முப்பது வருசமாக அவர்தான் முதல் குரல். யாராவது ஒரு சுரம் பிசகினால் பூசை முடிந்ததும் வாசலில் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார். என் அக்கா ஞானமணியைப் பொண்ணு பார்க்க வந்த அன்றுகூட, நான் பாடிய பாட்டில் தப்புக் கண்டுபிடித்தார். அப்போது எனக்கு வயது பதினொன்று. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே முற்றிப்போயிருந்தது. பொங்கல் முடிந்ததும், "வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கங்க" என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் புதுக்கோட்டையிலிருந்து துணிமணியோடு வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

அக்கா எதையும் வாய் திறந்து கேட்கிற ஆளில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பிரதர் கிட்டார் வச்சிக்கிட்டு ஒரு பாட்டுப் பாடுவாரே. எனக்கு ஒருக்கா அதப் பாடுங்களேன்."

பத்து வருசத்துக்கு முன்னால் குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிரதர் ஊரில் ரெண்டு மாசம் தங்கியிருந்தார். அவரே கட்டிய பாட்டு. மொத்தம் நாலு வரி.

வாசல் தெறந்துதான் கெடக்கு, வந்துரு சாமி,
கூழோ கஞ்சியோ, சேந்து குடிப்போம்.

மாவாட்டும்போதெல்லாம் அக்கா அதைத்தான் முனகுவாள். அன்றைக்கே, அந்த நிமிசமே, அவர் வாயைத் திறந்து பாடியிருக்கலாம். பாடவில்லை. கிட்டார் இல்லாமல் அது அந்தப் பாட்டே இல்லையாம். "சரியாப் பழகிட்டுப் பாடுறேன்" என்றார்.

கிட்டார் கொடுத்தது நான்தான். என் மகன் காலேஜில் சேர்ந்த புதிதில் வாங்கி, ஒரே மாசத்தில் அலுத்துப்போய் பீரோ மேல் போட்டது. அக்கா முகத்தில் சிரிப்பு வந்ததே என்று பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றே பிடிதான் அந்தப் பாட்டுக்கு. ஜி, சி, டி. யூடியூபில் ஒரு பையன் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டான். இதென்ன பெரிய வித்தை, ஒரு வாரம் போதும் என்றார் மச்சான். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல் அவருடையது. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து செத்துப்போகும். அதைச் சரிசெய்யவே ஒரு மாசம் ஆனது. அதற்குப் பிறகுதான் உண்மையான கரைச்சல். கை தனியாக வாசித்தது. வாய் தனியாகப் பாடியது. இரண்டையும் சேர்த்தால் ஒன்று நின்றுபோனது. இரண்டாவது வரி தாளத்துக்கு அரை வீச்சு தள்ளித் தொடங்க வேண்டும். அவருக்குக் கை கீழே விழும்போதே 'கூழோ' வந்துவிடும். கேட்பதற்குப் பச்சைப்பிள்ளைப் பாட்டு, உள்ளே போனால் இப்படி ஒரு முள்.

தப்பும் தவறுமாக அக்கா காதில் விழக் கூடாது என்று கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "மச்சான், அக்கா என்ன கச்சேரியா கேட்டுச்சு? தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது. பாடிருங்க."

"ஒனக்குத் தெரியாது ஏஞ்சலு. கடைசியா அவ கேக்குறது. அதுல பிசகு இருக்கக் கூடாது."

அதற்குள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமும் வந்து, முடியப் போகிற சமயம். அக்கா ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தாலே பெரிசு என்கிற நிலை. பெரிய வியாழன் சாயங்காலம் கொட்டகையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். "வந்துருச்சு. முழுசா வந்துருச்சு. ரெண்டாவது வரியும் வந்துருச்சு" என்று என்னிடம் சொன்னார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். உடனே பாடினாரா? பூசைக்கு நேரமாகிவிட்டது, பாடற்குழு காத்திருக்கும், வந்து பாடுகிறேன் என்று குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் கிட்டாரை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். அக்கா கண் திறந்து பார்த்தாள்.

"பாடுங்க."

அவர் தயங்கினார். "வானவர் கீதம் பாடியாச்சு ஞானம். மணியெல்லாம் நின்னுபோச்சு. இனி ஈஸ்டர் வரைக்கும் வாத்தியம் தொடக் கூடாதுல்ல."

எங்கள் ஊரில் அப்படித்தான். வியாழன் பூசையில் அந்தக் கீதத்தோடு மணி ஓய்ந்தால், ஈஸ்டர் வரை கோயிலில் மரக்கட்டையைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். வீடுகளில் டிவி ஓடாது, ரேடியோ பாடாது.

"வாத்தியம் வேணாம். சும்மா பாடுங்க" என்றாள் அக்கா.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்து முதல் வரியைப் பாடினார். வலது கை தானாக அசைந்து கம்பியைத் தேடியது. இரண்டாவது வரியில் இடம் பிடிபடவில்லை. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் நின்றார். முப்பது வருசம் வெறுங்குரலில் ஊரையே கட்டிப்போட்ட மனுசன்.

"தப்பா வருது ஞானம். ஞாயித்துக்கெழம நல்லாப் பாடுறேன். ரெண்டு நாள்தான."

"சரி" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். ஈஸ்டருக்கு முந்தின நாள் அடக்கப் பூசை கிடையாது, திங்கட்கிழமை பூசை வைத்து அடக்கம் செய்யலாம் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். ஈஸ்டர் அன்று வீட்டில் பிணத்தை வைத்திருக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் பிடிவாதம். சனிக்கிழமை சாயங்காலமே அடக்கம். பூசை இல்லை, மணி இல்லை, பாட்டும் இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்க என் அக்காவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

முப்பதாம் நாள் பூசையில் அவர் கிட்டாரோடு பாடினார். ஒரு பிசகு இல்லை. பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

பூசை முடிந்து சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அருமையாப் பாடுனீங்க. ஞானமணியம்மா கேட்டிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாங்க."

மச்சான் நடந்ததைச் சொன்னார். பெரிய வியாழன் ராத்திரி, அதான் சாமி, வாத்தியம் தொடக் கூடாதேன்னு.

சாமியார் சின்ன வயசுக்காரர். யோசிக்காமல் சொல்லிவிட்டார். "அது கோயில் வழிபாட்டுக்குத்தாங்க. வீட்ல, சாகக் கெடக்குறவங்களுக்குப் பாடுறத யாரு வேணாம்னா?"

"அப்படிங்களா சாமி" என்றார் மச்சான். கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்துக்கொண்டே நின்றார்.

அந்த மனுசனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஊரெல்லாம் போய் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வியாழக்கிழமை அவர் வாத்தியம் தொடக் கூடாது என்றதும் அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எடுத்து வாசித்திருப்பார். "மச்சான் சொல்றதும் சரிதானக்கா" என்றேன்.