பூனைக்குட்டிக்குப் போட்ட பாடு

எங்க பூனை சினையா இருக்குதுன்னு தெருவுக்கே சொன்னவ நான்தான். எவளும் என்னைக் கேக்கல. நானாத்தான் சொன்னேன்.

சொல்றதுக்கு எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சு. பழவேற்காடு ஏரியில தண்ணிக்குள்ள உக்காந்து, சேத்துல கைய விட்டுத் தடவித் தடவி எறா புடிக்கிறவ நான். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் வெரலுதான். கல்லு எது, சிப்பி எது, எறா எது, கொட்டுற கெளுத்தி எதுன்னு வெரலே சொல்லிடும். அந்த வெரலால பூனை வயித்தைத் தடவுனா, பின்னங்கால் பக்கம் காம்புக்கிட்ட பட்டாணி மாதிரி ஒண்ணு உருளுது. மடி எறங்குதுன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கா தெரியாது!

எங்க குப்பத்துல பூனைக்குட்டின்னா சும்மா இல்ல. மீன் வாசனைக்கு எலி வந்து வலையக் கடிச்சுக் கொதறிடும். எங்க பூனை எலிக்கு எமன். போன ஈத்துக் குட்டிங்களும் தாய மாதிரியே கில்லாடிங்க. அதனால விஷயம் கேள்விப்பட்டதும், எனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு பொம்பளைங்களுக்குள்ள ஒரே சண்டை. கடைசியில என் நாத்தனார்தான் சத்தம் போட்டு ஒரு வழி சொன்னாங்க. எங்க வூட்டுக்காரருக்கு மூத்த அக்கா, பக்கத்து வூடு. "ஆம்பளைங்க ஏரியில பாடு வச்சுக்கிறாங்க இல்ல? அதே மாதிரி வையிங்களேன்!"

பாடுன்னா மொறை. ஏரியில மீன் நல்லா படுற எடத்துல இன்னைக்கு நீ, நாளைக்கு நான்னு குலுக்கிப் போட்டு மொறை வச்சுக்குவாங்க. ஒருத்தர் பாட்டுல இன்னொருத்தர் வலை எறங்குனா ஊரே ரெண்டாயிடும். நாங்களும் சிப்பியில கரியால அடையாளம் போட்டு எறாக் கூடையில குலுக்கினோம். மொதப் பாடு நாத்தனாருக்கே வந்துச்சு. "பாத்தியாமே என் கைராசிய!"னு ஒரே ஆட்டம்.

அன்னைக்கிலேருந்து தெனமும் ஒரு மீன் தலையோட வந்துடுவாங்க. "பொட்டைக்குட்டிதான் வேணும், இப்பவே சொல்லிட்டேன்." பூனை தலையத் தின்னுட்டு அவங்களையே மொறைக்கும். அதுக்கும் என் குணம்தான், யாருக்கும் மசியாது.

நாளாச்சு. வயிறு பெருக்கவே இல்ல, பட்டாணிதான் பெருசாச்சு. தொட்டா சீறுது. "இன்னாமே, உம் பூனை யானைக்குட்டியா சொமக்குது?"னு நாத்தனார் கேக்க, தெருவே சிரிச்சுது. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எத்தனை குட்டின்னு டாக்டரையே கேட்டு வந்து இவங்க வாய அடைக்கிறேன்னு, பூனைய நண்டுக் கூடையில போட்டு மூடிக் கட்டி, பொன்னேரிக்கு பஸ் ஏறிட்டேன்.

அங்க மாட்டாஸ்பத்திரியில டாக்டரம்மா வயித்தை அமுக்கிப் பாத்தாங்க. அப்புறம் என் பட்டாணியத் தொட்டாங்க, கை அங்கியே நின்னுடுச்சு. "குட்டின்னா வயித்துக்குள்ள இருக்கும்மா. இது தோலுக்கு அடியில இருக்குது. மடியில வந்த கட்டி. கேன்சரா இருக்கலாம்."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. "பூனைக்கு கேன்சரா? அது இன்னா பீடி புடிக்குதா, பாக்கு போடுதா?"ன்னேன். அவங்க சிரிக்கல. நாய்க்கு மடியில கட்டி வந்தா பாதிக்குப் பாதி சாதா கட்டியா இருக்குமாம். பூனைக்கு வந்தா பெரும்பாலும் கெட்டதுதானாம். சின்னதா இருக்கச்சொல்லவே எடுத்துட்டா பொழைக்க வாய்ப்பு இருக்குது, உட்டா நுரையீரலுக்குப் போயிடும்னாங்க. சின்ன வயசுலயே கருப்பைய எடுத்திருந்தா இது வர்றது ரொம்பக் கொறைவாம். எனக்கு அதெல்லாம் யார் சொன்னா?

திரும்பி வர்றப்போ பஸ்ஸுல அழுதேன். மடியில கூடை, உள்ள பூனை கத்துது. பக்கத்து சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, "இன்னாம்மா, உன் நண்டு கத்துது?"ன்னாங்க. அழுகையோட அழுகையா சிரிச்சுட்டேன்.

வூட்டுக்காரர் கேட்டுட்டு, "பூனைக்கு ஆப்பரேசனா? ஊரு சிரிக்கும்"னார்.

"சிரிக்கட்டும்யா. பல்லு இருக்கறவங்க சிரிக்கட்டும்."

மறுநாள் காலையில பாத்தா, அவரோட லுங்கிய மடிச்சு கூடைக்குள்ள மெத்தை போட்டு வச்சிருந்தார். சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறோம்னு தெருவுல சொல்லிட்டு, ரெண்டு பேருமா பொன்னேரியில ரயிலேறி மெட்ராஸ் பெரிய மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க, நெஞ்சுல ஒண்ணும் இல்ல. ஒரு பக்கத்து மடி வரிசைய மொத்தமா எடுத்தாங்க, கருப்பையையும் எடுத்தாங்க.

வயித்துல நீளமா தையல். நக்குனா பிரிஞ்சுடும்னு கழுத்துல புனல் மாதிரி ஒண்ணு மாட்டி அனுப்புனாங்க. வூட்டு வாசல்ல எறக்குனதும் பூனை பின்பக்கமாவே நடந்து, ஒரு ஒதறு ஒதறி, அதைக் கழட்டி எறிஞ்சுது. திரும்பக் கட்டுனா திரும்பக் கழட்டுது. யாராவது மடியில வச்சுப் புடிச்சுக்கிட்டேதான் இருக்கணும். எனக்கு ஏரி, அவருக்கு வலை. ரெண்டு பேரும் வூட்ல உக்காந்தா அடுப்பு எப்படி எரியும்?

தெருவுக்கு வேற சொல்லணும், குட்டி இல்ல, இனிமே எப்பவும் இல்லன்னு. நாத்தனார் வாய்க்கு யார் ஈடு குடுக்கறது? அந்த நேரம் பாத்து மீன் தலையோட வாசல்ல வந்து நிக்கிறாங்க! கட்டி, கேன்சரு, தையல், குட்டி இல்லன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன்.

மீன் தலையப் பூனைக்கு முன்னாடி வச்சாங்க. அப்புறம் கேட்டாங்க. "மொதப் பாடு என்னுதா, இல்லையா?"

"குட்டியே இல்ல அண்ணி, இன்னா பாடு?"

"குட்டிக்கு இல்லன்னா தாய்க்கு. தள்ளுமே." காலை நீட்டி உக்காந்து பூனைய மடியில இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. அது கையப் பிறாண்டிச்சு. "பிறாண்டு, பிறாண்டு. எந்தம்பி பொண்டாட்டி வளத்தது வேற எப்படி இருக்கும்?"னாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஏரிக்குப் போயிட்டேன். அங்க போய்தான் அழுதேன், தண்ணியில யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் ரெண்டாம் பாட்டுக்காரி வந்தா. சிப்பி வந்த வரிசையிலயே ஒவ்வொருத்தியா வந்தாங்க. ஒருத்தி செல்போன்ல சீரியல் பாத்துக்கிட்டே பூனைய அமுக்கிப் புடிச்சா. ஒரு நாள் ஒருத்தி வர லேட்டாச்சுன்னு இன்னொருத்தி எடுத்து வச்சுக்க, "எம் பாட்டுல நீ எப்படி உக்காரலாம்?"னு வாசல்லயே சண்டை. ஏரிச் சண்டை தோத்துச்சு போங்க. பூனைக்கென்ன, ஆளுக்கொரு எறா தின்னு தொப்பை போட்டுடுச்சு.

தையல் பிரிக்கிறப்போ, எடுத்த கட்டிய டெஸ்ட் பண்ண ரிசல்ட்டும் சொன்னாங்க. கெட்ட கட்டிதான். ஆனா ஓரமெல்லாம் சுத்தமா இருக்குது, மிச்சம் வைக்காம எடுத்தாச்சாம். "திரும்ப வராதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. அடிக்கடி தடவிப் பாருங்க. ஏதாவது தட்டுப்பட்டா அன்னைக்கே தூக்கிட்டு வந்துடுங்க."

தடவுறது எங்க தொழிலாச்சே! ஆனா பாருங்க, பூனை விஷயத்துல என் வெரலை நானே நம்பறதில்ல. ஒண்ணுமில்லாத எடத்துல பட்டாணி உருளுது, காம்பே கட்டி மாதிரி தட்டுப்படுது. அதனால தடவுறது நாத்தனார்தான். ஞாயித்துக்கெழமை ஆனா வந்துடுவாங்க.

போன மாசம் பக்கத்து ஊரு சுண்ணாம்புக்குளத்துல ஒரு வூட்ல பூனைக்குட்டி தர்றேன்னாங்க. நாத்தனார் வலையத்தான் எலி தின்னுக்கிட்டு இருக்குதே, வாங்கிக்கோங்க அண்ணின்னேன்.

"எம் பாட்டுக்கு வந்தது இது. இது இருக்கச்சொல்ல எனக்கு இன்னொண்ணு எதுக்கு?"ன்னுட்டு, பூனைய மல்லாத்திப் போட்டு, கண்ண மூடிக்கிட்டுத் தடவ ஆரம்பிச்சாங்க. அக்குள்லேருந்து கீழ வரைக்கும், ஒவ்வொரு காம்பா. நான் அடுப்பாண்ட கரண்டியோட நிக்கிறேன். ஒரு எடத்துல வெரலு நின்னுச்சு. திரும்ப அதே எடத்துல தடவுனாங்க. அப்புறம் கண்ணத் தெறந்தாங்க.

"ஒண்ணுமில்லமே, தையல் தழும்புதான். போய் கொழம்பைப் பாரு, அடிப்புடிக்குது."