பிராங்க்பர்ட்டில் ரூம், எடிசனில் போன்

டிராவல் ஏஜென்ட் என்றால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிப்பவர் என்று நம்பித்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அமெரிக்காவில் எடிசன் என்கிற ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். முதலாளியும் நானும் மட்டும். இந்தியா போகிற வழியில் ஜெர்மனியில் இறங்கி, பிராங்க்பர்ட் நகரத்தில் இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டுப் போகும் நம் குடும்பங்களுக்கு ரூம் போடுவது என் பொறுப்பு. ஏழு வருடமாக எல்லோரையும் ஒரே ஹோட்டலுக்குத்தான் அனுப்புகிறேன். அங்கே ரிசப்ஷனில் உர்சுலா என்று ஒரு பெண்மணி. நேரில் பார்த்ததில்லை, ஆனால் என் நாத்தனாரைவிட அதிகமாக அவரிடம்தான் போனில் பேசியிருக்கிறேன். ஹோட்டலில் எப்படித் தங்குவது என்று இரண்டு பக்கத்துக்குக் குறிப்புகள் எழுதி, தமிழிலேயே டைப் செய்து, ஒவ்வொரு கஸ்டமருக்கும் அனுப்புகிறேன். அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அதை டைப் செய்த நான்தான். மற்றவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணுவார்கள். போன் எடுப்பதே பிழைப்பாகிப் போனவர் நீங்களும் என்றால், மேற்கொண்டு சொல்கிறேன், கேளுங்கள்.

காணாமல் போன 104

பிளசன்டனில் இருக்கும் மதுரைக்காரர் ஒருவர். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் போன். "மேடம், ரூம் நம்பர் 104ன்னு கார்டு குடுத்திருக்காங்க. ஃபர்ஸ்ட் ஃப்ளோர் பூரா சுத்திட்டேன். ஒரு மீட்டிங் ரூம் இருக்கு, ஒரு கிச்சன் இருக்கு. 104 இல்ல. நீங்க ரூம்தானே புக் பண்ணீங்க?"

"தெருவுலேர்ந்து எத்தனை படி ஏறினீங்க சார்?" என்று கேட்டேன். "எதுக்குப் படி ஏறணும்? ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ங்கறேனே" என்றார். அமெரிக்காவில் தரையோடு இருப்பதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். ஜெர்மனியில் அது பூஜ்யம், லிஃப்ட் பட்டனிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். என் குறிப்புகளில் முதல் வரியே இதுதான். அதற்குள் அவர் கிச்சன் கதவில் மூன்று முறை கார்டைத் தேய்த்து, சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். நான் விளக்கிச் சொன்னதும் போனை மனைவி வாங்கிக்கொண்டார். நிதானமான குரல். "இவருக்கு மதுரையில முதல் மாடின்னா மாடிதாங்க. அமெரிக்கா வந்து பன்னெண்டு வருஷத்துல மாடி ஒண்ணு கீழ இறங்கிடுச்சு."

ஒரு கட்டில், இரண்டு போர்வை

ஜெர்மன் ஹோட்டலில் டபுள் ரூம் என்றால் ஒரு பெரிய கட்டில் இருக்கும். அதன்மேல் இரண்டு மெத்தையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஆளுக்கு ஒரு போர்வையைத் தனித்தனியாக மடித்து வைத்திருப்பார்கள். சேர்த்துப் போர்த்திக்கொள்ளப் பெரிய போர்வை கேட்டால், என்ன கேட்கிறோம் என்றே அவர்களுக்குப் புரியாது. இதைப் பற்றி எனக்கு வந்த புகார்களைக் கணக்கெடுத்தால், நம் சமூகத்தில் தம்பதிகளுக்குள் இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சேலத்துக்காரர் ஒருவர் காலை டிபன் நேரத்தில் கூப்பிட்டு ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினார். ஃபேமிலி என்று சொல்லித்தானே ரூம் போட்டோம், இது என்ன ஹாஸ்டலா, நடுவில் ஒரு பள்ளம் வேறு இருக்கிறது, ரிசப்ஷனில் பேசி இன்றைக்கே மாற்றிக் கொடுங்கள் என்றார். சரி சார், கேட்டுப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அதே நம்பரிலிருந்து அவர் மனைவி. குளியலறையில் இருந்து பேசுகிறார் போல, குரல் எதிரொலித்தது. "அவர் சொன்னதை நீங்க கண்டுக்காதீங்க. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்துல நேத்துதான் முதல் தடவையா நான் கால் வரைக்கும் போர்த்திட்டுத் தூங்கியிருக்கேன்."

இன்ஜினியர் வைத்த சாதம்

குறிப்புகளில் தடித்த எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அமெரிக்காவில் கரன்ட் 110 வோல்ட், ஜெர்மனியில் 230. அடாப்டர் பிளக்கின் உருவத்தைத்தான் மாற்றும், கரன்ட்டை மாற்றாது. ஆகவே ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும். இதற்கு மேல் ஒரு மனுஷியால் தடிப்பாக எழுத முடியாது.

எடிசனிலேயே இருக்கும் ஒரு அங்கிள், ஆன்ட்டியோடு போயிருந்தார். பிள்ளைகள் இருவரும் டாக்டர்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆன்ட்டிக்கு ரசம் சாதம் சாப்பிட்டால் தேவலை என்று இருந்திருக்கிறது. பெட்டிக்கு அடியில் புடவைக்குள் சுற்றி வைத்திருந்த குக்கர் வெளியே வந்தது. அங்கிள் அடாப்டர் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். இரண்டு நிமிடத்தில் அரிசி வேகவில்லை, குக்கர் வெந்துவிட்டது. அலாரம் அடித்து, ஆறு மாடி ஜனமும் இறங்கிப் பிளாட்ஃபாரத்தில் நின்றது. பாதிப் பேர் குளியல் அங்கியில். தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. கூட்டத்தின் நடுவே அங்கிள், கருகிய குக்கரைக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாராம்.

எல்லாம் அடங்கிய பிறகு உர்சுலா எனக்குப் போன் செய்தார். அவர் கோபப்பட்டால் தேவலை, ஆனால் அவர் கோபப்படுவதில்லை, சந்தேகம்தான் கேட்பார். "தீயணைப்பு ஆட்களிடம் அந்தப் பெரியவர் தன்னை எலக்ட்ரிகல் இன்ஜினியர் என்று சொன்னார். உங்கள் மொழியில் அதற்கு வேறு ஏதாவது அர்த்தம் உண்டா?"

சானாவில் சந்திப்பு

சரவணன் என்று ஒரு ஐடி பையன். பையன் என்றால் நாற்பது வயது. கிளையன்ட் மீட்டிங்குக்காக பிராங்க்பர்ட் போனவர், முந்தின நாள் சாயந்திரம் பொழுது போகாமல் ஹோட்டலில் கீழே இருக்கும் சானாவுக்குப் போய்விட்டார். அதாவது நீராவியும் வெக்கையுமாக, வேர்க்க வேர்க்க உட்காரும் மர அறை. நம் ஊர் சித்திரை மாதத்தில் சும்மா கிடைப்பதை அவர்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்காருவார்கள், உடம்பில் துணி கூடாது, துண்டு உட்காரத்தான், மறைக்க இல்லை என்று நான் எழுதித்தான் இருந்தேன். சரவணன் முழுக்கால் ட்ராக் பேன்ட்டும் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டுமாகக் கதவைத் திறந்திருக்கிறார்.

உள்ளே இருந்த அம்மாள் ஒருவர் போர்டைக் காட்டி, உடையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். சரவணன் பார்வையைக் கூரைக்குக் கொண்டுபோனார். கூரைக்குப் போகிற வழியில் மேல் பெஞ்சில் ஒரு முகம். இரண்டு வருடமாக வீடியோ காலில் மார்பளவுக்கு மட்டுமே பார்த்திருந்த அதே கிளையன்ட். டி-ஷர்ட்டில் கம்பெனி பெயரைப் படித்ததும் அந்த மனிதர் சந்தோஷமாக எழுந்து நின்று கை கொடுத்திருக்கிறார்.

வேறு ஹோட்டல் மாற்றித் தர முடியுமா என்று சரவணன் கேட்டார். ஹோட்டலை மாற்றினாலும் காலையில் மீட்டிங் அவரோடுதானே, அவர் என்ன அப்படியேவா வரப்போகிறார் என்றேன். சரவணன் சொன்னார்: "நாளைக்கு அவர் கோட்டு சூட்டுலதான் வருவார்னு எனக்கும் தெரியும் மேடம். என் கண்ணுக்கு அது தெரியணுமே."

ரொட்டிக்குப் பை

காலை டிபன் ஹாலில் சாப்பிடலாம், கட்டிக்கொண்டு போகக் கூடாது. இதையும் எழுதியிருக்கிறேன். கவிதா என்று ஒருவர், பத்து வயதுப் பெண்ணோடு போனவர், ஹேண்ட்பேக்கில் பிளாஸ்டிக் ஜிப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு ரொட்டி, இரண்டு சீஸ் உள்ளே போயாயிற்று. பரிமாறும் பெண் தூரத்திலிருந்து பார்த்துவிட்டாள். "அம்மா, ஷீ இஸ் கமிங். ப்ளீஸ் ஸ்டாப்" என்று மகள் மேஜைக்கு அடியில் போய்விட்டாள். வந்த பெண் இரண்டு காகிதப் பைகளை மேஜையில் வைத்தாள். மத்தியானம் கவிதா எனக்குச் சொன்னது: "மானம் போச்சுன்னு பாதி எந்திரிச்சிட்டேன். பிளாஸ்டிக்ல போட்டா ரொட்டி நமுத்துப் போயிடும், இதுல போடுன்னு சொல்லிட்டுப் போறா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பையா கேக்கலாமா?"

தங்கச்சி இருக்கிற ஊரில்

எடிசனுக்குப் பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் காயத்ரி ஆபீஸுக்கு நேரிலேயே வந்தார். சொந்த ஊர் கோயம்புத்தூர். பிராங்க்பர்ட்டில் ஒரு தெருப் பெயரைச் சொல்லி, அதற்குப் பக்கமாக ரூம் வேண்டும் என்றார். எங்கள் ஹோட்டலில் இருந்து நாலு டிராம் ஸ்டாப்தான். அந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்றேன். "என் தங்கச்சி வீடு" என்றார். அப்புறம் எதற்கு ஹோட்டல் என்று கேட்டேன். "அதுக்குத்தாங்க ஹோட்டல்" என்றார். அப்பா காரியத்துக்குத் தங்கச்சியால் வர முடியவில்லை. ஏன் வரவில்லை என்று அக்கா கேட்ட விதம் சரியில்லை. ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. ரூம் போட்டதும், இன்ன தேதியில் இன்ன ஹோட்டலில் இருப்போம் என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பியிருந்தார். படித்ததற்கு அடையாளம் இருந்தது, பதில் இல்லை.

கிளம்புகிற நாள் மத்தியானம் நெவார்க் ஏர்போர்ட்டிலிருந்து காயத்ரியின் போன். கவுன்ட்டரில் கணவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் பிரச்னை இல்லை, அவரை மட்டும் விடவில்லை. ஜெர்மனி விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது, அவர் எடுத்துப் போனது புதுசு. போன மாதம் அவர் இதையேதான் என்னிடம் கேட்டார். நான் வேறொரு போனில் இருந்துகொண்டு, புதுசு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் எடுத்துப் போகவும் என்று என் குறிப்புகளிலேயே இருக்கிறது. ஆக, எழுதினவளும் சரியாகப் படிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு மான்மவுத் ஜங்ஷன் போனேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சாவி வாங்கி, பீரோவில் குழந்தைகளின் தடுப்பூசிக் காகிதங்களுக்கு அடியில் இருந்த பழைய பாஸ்போர்ட்டை எடுத்து, டர்ன்பைக் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, கவுன்ட்டர் மூடுவதற்குச் சற்று முன்னால் போய் நின்றேன். நம் ஆட்கள் நாலு மணி நேரம் முன்னதாகவே ஏர்போர்ட்டில் போய் உட்கார்வதை அன்றிலிருந்து நான் கிண்டல் செய்வதில்லை. என் தப்புதான் என்று சொன்னேன். காயத்ரி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, கணவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நீங்க லேட்டா வந்தா நல்லா இருக்கும்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன்."

மூன்றாம் நாள் உர்சுலாவின் போன். இரண்டு நாளாக அந்த அறையில் யாரும் படுக்கவில்லை, பெட்டிகள் அப்படியே இருக்கின்றன, நாலு பேரையும் காணவில்லை, போலீஸில் சொல்லட்டுமா என்றார். கொஞ்சம் இருங்கள் என்றேன். காயத்ரிக்குப் போட்டேன். எடுத்ததும் குக்கர் விசில், குழந்தைகள் கத்தல், யாரோ ஒரு பெண் "நீ உப்புல கை வைக்காதக்கா" என்று அதட்டுவது எல்லாம் கேட்டது. முதல் நாள் சாயந்திரமே தங்கச்சி ரிசப்ஷனில் வந்து நின்றிருக்கிறாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னக் குழந்தையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு டிராம் பக்கம் நடந்திருக்கிறாள். இவர்கள் நாலு பேரும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். பேச்சு மறுநாள்தான் ஆரம்பித்ததாம், அதுவும் சாம்பாரைப் பற்றி.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. அப்படியானால் மிச்ச ஒரு நாளைக்கு ரூமை கேன்சல் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். காயத்ரி போனோடு வேறு அறைக்கு நகர்வது கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ரூமை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க. இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கு, ஒரே வீட்டுல அவளும் நானும்தானே."

ஏழு வருடத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஜெர்மன்காரர்கள் கொடுப்பது வெறும் ரூம், மற்றதையெல்லாம் நம் ஆட்கள் வீட்டிலிருந்தே கொண்டு போய்விடுகிறார்கள்.