முகம் இல்லாத ஏழு படங்கள்

மலர்விழி அக்காவின் எந்தப் படமானாலும் முதலில் இருட்டுத் திரையில் பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷின் கடகடக்கும். பிறகுதான் கைகள் வரும். பனியன் மடிக்கும் கை, நூல் நறுக்கும் கை, டிபன் பாக்ஸ் திறக்கும் கை. பாட்டு கிடையாது, ஏழு படத்திலும் ஒரு முகம்கூடக் கிடையாது. இந்தப் பாணியைப் பற்றிப் பெரிய ஆட்கள் நீளநீளமாக எழுதுவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது பிறந்த அறையில் ஒன்பது வயதுப் பெண்ணாக நானும் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் அடி தாங்காமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு ஓடிவந்து, பனியன் கம்பெனியில் துணியில் குறை தேடும் 'செக்கிங்' வேலைக்குச் சேர்ந்திருந்த வருடம் அது. நாங்கள் இருக்கும் இடம் ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கள் காம்பவுண்டிலேயே குடியிருந்த அக்கா, கம்பெனிப் பெண்களை வைத்துத் தன் முதல் படத்தை எடுத்திருந்தாள். ஒரு டிவி சேனல் அதைப் போடச் சம்மதித்ததும், எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினாள்.

திரையில் அம்மா வாய்விட்டுச் சிரித்தபோது பெண்கள் கைதட்டினார்கள். அம்மா மட்டும் "நிறுத்து தாயி" என்று எழுந்தாள். அக்கா படத்தை அப்படியே நிறுத்தினாள். ஓட்டை விழுந்த துணியில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று அம்மாவின் மணிக்கட்டில் மிச்சமிருந்தது. அதைப் பிய்த்து, டிவியில் தன் முகத்தின்மேல் ஒட்டினாள்.

"இந்தப் பீஸ் போகக் கூடாது. பாத்தாருன்னா பஸ் ஏறி வந்துருவாரு."

அக்கா அந்த அம்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்க மொகத்த மட்டும் வெட்டி எடுத்தா, அங்க ஆரு இருந்ததுன்னு கேப்பாங்க. எல்லார்த்து மொகத்தையும் எடுத்தர்றனுங்க அக்கா."

சொன்னபடியே வெட்டினாள். படம் டிவியில் வந்தது. ஊரிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் அம்மாவுக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது. அடுத்தடுத்த படங்களிலும் அம்மாவைப் போல ஒருத்தியாவது இருந்ததால், அக்கா முகங்களைக் காட்டவேயில்லை.

போன வருடம் அப்பா இறந்த செய்தி வந்தது. எனக்கு 'அப்பாடா' என்றுதான் இருந்தது, மறைப்பானேன். மறுநாளே அம்மா அக்காவைத் தேடிப் போனாள்.

அந்தக் காம்பவுண்டு இப்போது இல்லை, இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். அக்காவின் எட்டாவது படத்தைப் போன மாதம் திரையிட்டார்கள். திரை முழுக்க அம்மா. கேமராவை நேராகப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள், பிறந்த ஊரைச் சொன்னாள், இப்போது குடியிருக்கும் தெருவைச் சொன்னாள், வீட்டு நம்பரைக்கூட விடாமல் சொன்னாள்.