நான் தெரிவுசெய்த தகடு

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில் என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர் துவக்குச் சுடப் பழகிக்கொண்டிருந்தார். குறிக்கு வைக்க இரும்புத் தகடு வாங்கப் போனபோது, சண்டை நடக்கும் நாட்டவனுக்கு இதெல்லாம் தெரியுமென்று என்னையும் கூட்டிப்போனார். துவக்கைத் தொட்டும் அறியாதவன் என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை. கடைக்காரர் சூடேற்றிக் கடினமாக்கிய தகட்டைக் காட்டினார். நானோ பலாப்பழம் வாங்குபவனைப்போல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சாதாரணத் தகடே போதுமென்றேன்.

திங்கட்கிழமை அவர் அதை வேலைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஏழு ஓட்டைகள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"ஊரில எங்கட வாசல் இரும்புக் கேற்றிலயும் துவக்குச்சூடு பட்டு இப்பிடித்தானே ஓட்டை கிடந்தது," என்றாள். "மறந்துபோனியளோ?"

கடையில் பெரிய ஆளாய் நின்ற நேரம், அது என் நினைவுக்கே வரவில்லை.